கோடை வெப்பமும் குடும்பச் செலவும்: மின்விசிறி, ஏர்கூலர், ஏ.சி. ஓர் ஒப்பீடு

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில் கோபாலபுரம் அமைந்துள்ளது. எல்லைச் சோதனைச் சாவடியால் பலரும் அறிந்த ஊர் இது. இதைச் சூழ்ந்துள்ள சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊராட்சிகள், கேரளத்தைப் பற்றிய பொதுவான எண்ணத்துக்குப் பொருந்தாதவை. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். மழைமறைவில் உள்ள இந்த ஊராட்சிகள் அதில் பாதியைக்கூடக் காண்பதில்லை. மக்களில் பலர் தமிழ் பேசுவோர்; கோடையும் தமிழகச் சமவெளியின் கோடையைப் போன்றதே.

இதற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இந்த இடைவெளி வழியாக, ஆண்டின் தொடக்க மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று நுழைகிறது. 2016 ஏப்ரல் இறுதியில் மலம்புழையில் வெப்பநிலை 41.9 டிகிரி செல்சியஸை எட்டியது. 2024 ஏப்ரல் இறுதியிலும் பாலக்காடு மாவட்டத்தில் 41 டிகிரிக்கு மேல் பதிவாயிற்று. வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. வெப்பத் தாக்குதலால் உயிரிழப்பும் நேர்ந்தது.

எனவே, வீட்டைக் குளிர்விப்பதை வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று இனி ஒதுக்கிவிட இயலாது. பகலெல்லாம் வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்தவருக்கு இரவில் உறக்கம் வேண்டும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நண்பகலில் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அதற்கெனத் தேர்ந்தெடுக்கும் சாதனம் குடும்பத்தின் வரவுசெலவையும், ஊரின் நீரையும், மாநிலத்தின் மின்சாரத்தையும் ஒருசேரப் பாதிக்கிறது. இம்மூன்றையும் எடைபோட்டு எந்தச் சாதனம் எந்த வேளைக்கு ஏற்றது என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உடல் உணரும் வெப்பம்

வெப்பமானி காட்டும் அளவு ஒன்றாக இருப்பினும், உடல் உணரும் வெப்பம் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம் ஆகிய நான்கும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மனிதத் தோலின் வெப்பநிலை சாதாரணமாக 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடல் வெப்பம் நேரடியாகக் காற்றுக்குச் செல்கிறது. காற்று அதைவிடச் சூடானால், வியர்வை ஆவியாவதன்றி உடலுக்கு வேறு வழியில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழியும் குறுகிவிடுகிறது.

பாலக்காட்டின் கோடையில் இருவகை வெப்பம் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் நண்பகல் வறண்ட வெப்பம் கொண்டது. ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும், கோடை மழையை ஒட்டி வருவது புழுக்கம். ஒரே நாளிலும் பகலில் வறட்சியும் இரவில் ஈரமும் மாறி வரும். ஒரு வகை வெப்பத்துக்கு ஏற்ற சாதனம் மற்றதற்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மின்விசிறி

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலைச் சுற்றியுள்ள சூடான, ஈரமான காற்றை விலக்கி, வியர்வை விரைவாக ஆவியாக உதவுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வு ஏற்படும். ஆகவே ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியால் பயன் ஏதுமில்லை. அதன் மோட்டார் அறைக்குச் சிறிது வெப்பத்தைக் கூட்டுவதே மிச்சம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. காற்று 40 டிகிரியைக் கடந்துவிட்டால் மின்விசிறி சூடான காற்றையே உடல்மீது வீசுகிறது. அந்நிலையில் அதை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதிகம் வியர்க்காத முதியோர் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். ஆயினும் பாலக்காட்டில் அத்தகைய நேரம் ஆண்டில் சில நாட்களின் சில மணி நேரமே. எஞ்சிய காலமெல்லாம் மின்விசிறியே முதல் சாதனம்.

பழைய வகைக் கூரை மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுத்துக்கொள்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி அதே அளவு காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. மின்சாரச் சேமிப்புச் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு, முன்பு மின்விசிறி உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது, பின்னர் கட்டாயமாக்கப்பட்டது. கடைகளில் 5 நட்சத்திர விசிறிகள் இன்று பரவலாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏர்கூலர்

வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்துச் சன்னலில் தொங்கவிட்ட பழைய வழக்கமே ஏர்கூலரின் தத்துவம். நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் உறிஞ்சப்படுகிறது. விசிறியும் சிறிய நீரேற்றியும் மட்டுமே மின்சாரத்தால் இயங்குவதால், வீட்டு உபயோக ஏர்கூலருக்கு 150 முதல் 250 வாட் போதுமானது.

ஆனால் இச்சாதனத்தின் திறன் முழுவதும் காற்றின் வறட்சியைப் பொறுத்தது. வெளிக்காற்று 40 டிகிரியாகவும் ஈரப்பதம் 25 விழுக்காடாகவும் இருக்கும் மார்ச் மாத நண்பகலில், நல்ல ஏர்கூலர் 27 முதல் 29 டிகிரி வரையுள்ள காற்றைத் தரும். அதே சாதனம், 35 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட மே மாத மாலையில், 31 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தக் காற்றும் ஈரம் தோய்ந்து வருவதால் வியர்வை உலராது. அதனால்தான் ராஜஸ்தானில் பாராட்டப்படும் ஏர்கூலர், கொச்சியிலும் சென்னையிலும் ஏமாற்றம் தருகிறது. கோபாலபுரத்தைப் பொறுத்தவரை, பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பகல் நேரத்துக்கு அது ஏற்றது. இரவுக்கும் மே மாதத்துக்கும் அவ்வளவாக ஏற்றதன்று.

பயன்படுத்தும் முறையிலும் ஒரு தவறு பரவலாக உள்ளது. ஏ.சி.க்குப் பழகியவர்கள் ஏர்கூலரை இயக்கும்போதும் கதவு சன்னல்களை மூடிவிடுகின்றனர். அறையில் ஈரம் தேங்கி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்ச்சி புழுக்கமாக மாறிவிடுகிறது. ஏர்கூலர் வெளிக்காற்றை இழுக்கும்படி சன்னலோரம் இருக்க வேண்டும். எதிர்ச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

மற்றொரு செலவு மின் கட்டணச் சீட்டில் தெரிவதில்லை. அது நீர். மணிக்கு 6 லிட்டர் வீதம் 8 மணி நேரம் இயங்கினால் 48 லிட்டர், அதாவது மூன்று நான்கு குடம் நீர் செலவாகும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊரகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்க வேண்டிய அளவாக 55 லிட்டரை நிர்ணயித்துள்ளது. ஏறக்குறைய ஓர் ஆளின் பங்கை ஏர்கூலர் குடித்துவிடுகிறது எனலாம். சித்தூர் வட்டத்தின் பாசனம், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கிடைக்கும் நீரைப் பெரிதும் நம்பியுள்ளது. இதே வட்டத்தைச் சேர்ந்த பிளாச்சிமடை, 2002-இல் தொடங்கிய நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் நாடெங்கும் அறியப்பட்டது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் ஏர்கூலரை மலிவான சாதனம் என்று கூறுவது பொருந்தாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் தட்டிகளில் படிந்து அவற்றின் ஆயுளைக் குறைக்கும். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவாவிட்டால், டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

ஏ.சி.

1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில், அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வில்லிஸ் கேரியர் வகுத்த அமைப்பே இன்றைய ஏ.சி.யின் தொடக்கம். தாள் சுருங்காமலும் விரியாமலும் இருக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. காற்றின் வெப்பத்துடன் ஈரத்தையும் நீக்குவதே இன்றும் ஏ.சி.யின் தனிச்சிறப்பு. புழுக்கம் மிகுந்த மே மாத இரவில் மற்ற இரு சாதனங்களும் செய்ய இயலாததை அது செய்கிறது.

ஏ.சி.யின் அளவை டன்னில் குறிப்பிடுவது, இயந்திரத்தின் எடையைச் சுட்டுவதன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 3.5 யூனிட் வெப்பத்தை, அறையிலிருந்து அகற்றும் திறனே ஒரு டன் ஆகும். இவ்வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு குறைந்த மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவு நட்சத்திரங்கள் அதிகம். ஆனால் நட்சத்திர வரையறைகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 5 நட்சத்திர ஏ.சி., இன்றைய அளவுகோலில் அந்தத் தகுதியைப் பெறாமல் போகலாம். வாங்குவோர் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டையும் ஆண்டு மின் செலவையும் படிக்க வேண்டும். அந்த ஆண்டுச் செலவு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்குக் கணக்கிடப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

எந்த வெப்பநிலையில் இயக்குகிறோம் என்பது, எந்த ஏ.சி.யை வாங்கினோம் என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைத்தாலும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மீதமாகும் என்பது மின்சாரச் சேமிப்புச் செயலகத்தின் மதிப்பீடு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் தொடக்க நிலையில் 24 டிகிரியில் இயங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதியின் பின்னணி இதுவே. 26 டிகிரியில் ஏ.சி.யும் மெதுவாகச் சுழலும் மின்விசிறியும் சேர்ந்தால், 23 டிகிரியின் இதம் கிடைத்துவிடும்.

கட்டணப் படிகளின் கணக்கு

சாதனங்களின் மின் செலவை ஒப்பிடுவோர் பெரும்பாலும் யூனிட்டுக்கு ஒரே விலை என்று கொண்டு பெருக்கிவிடுகின்றனர். வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயரும்போது அக்கணக்கு பிழையாகிவிடும். கேரளத்தில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு முதல் 50 யூனிட்டுக்கு 3.25 ரூபாய், அடுத்த ஐம்பது ஐம்பதாக 4.05, 5.10, 6.95, 8.20 ரூபாய். 250 யூனிட்டைக் கடந்தால் இப்படிமுறை அறவே நீங்கி, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை விதிக்கப்படும். 300 யூனிட் வரை அது 6.40 ரூபாய், 350 வரை 7.25 ரூபாய்.

விளக்கு, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, மாவரைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மாதம் 100 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்தைக் கருதுவோம். நிலைக்கட்டணமும் வரியும் நீங்கலாக அதன் கட்டணம் 365 ரூபாய். இதற்கு மேல், படுக்கையறையில் நாளுக்கு 8 மணி நேரம் என்று 30 நாட்கள் இயக்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் கூடுதலாகும் செலவு வருமாறு:

பி.எல்.டி.சி. மின்விசிறி, 30 வாட்: சுமார் 7 யூனிட், 37 ரூபாய்.
பழைய வகை மின்விசிறி, 75 வாட்: 18 யூனிட், 92 ரூபாய்.
ஏர்கூலர், 200 வாட்: 48 யூனிட், 245 ரூபாய்.
ஒரு டன் 5 நட்சத்திர ஏ.சி., 26 டிகிரியில், இரவுக்கு 5 யூனிட் வீதம்: 150 யூனிட், 1,013 ரூபாய்.
பழைய ஒன்றரை டன் ஏ.சி., 20 டிகிரியில், இரவுக்கு 8 யூனிட் வீதம்: 240 யூனிட், 2,100 ரூபாய்.

கடைசி இரண்டு வரிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. புதிய ஏ.சி. மாதப் பயன்பாட்டைச் சரியாக 250 யூனிட்டில் கொண்டு நிறுத்துகிறது. மொத்தக் கட்டணம் 1,377 ரூபாய் 50 காசு. இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடினால் கட்டணம் 1,606 ரூபாய் 40 காசாகத் தாவிவிடும். அந்த ஒரு யூனிட்டின் விலை ஏறத்தாழ 229 ரூபாய். பழைய ஏ.சி.யோ இந்த வரம்பைத் தாண்டிவிடுவதால், விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் செலவான மின்சாரத்தின் விலையையும் சேர்த்து உயர்த்திவிடுகிறது.

எல்லையின் கிழக்கே, பொள்ளாச்சிப் பக்கத்திலும் இத்தகைய வரம்பு உண்டு. தமிழகத்தில் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 500-ஐக் கடந்தால் அதே 100 யூனிட்டுக்கு 4.50 ரூபாய். இரு மாநிலங்களிலும் விலைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகின்றன. ஆதலால் அலுவலர்கள் மக்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, மீட்டரைப் பார்த்து இந்த வரம்பை அறியும் வழக்கமே.

வரம்புக்குள் நிற்க எளிய வழி ஒன்று உண்டு. படுக்கும்போது நான்கு மணி நேரம் மட்டும் ஏ.சி.யை இயக்கி, பிறகு அது தானே நிற்கும்படி நேரத்தைக் குறித்துவிட்டு, இரவு முழுதும் பி.எல்.டி.சி. மின்விசிறியைச் சுழலவிடலாம். இரவுக்கு ஏ.சி.க்கு 3 யூனிட் என்று கொண்டால், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 97 யூனிட். கூடுதல் செலவு 582 ரூபாய். முழு இரவு ஏ.சி.யின் செலவில் இது பாதியைச் சற்றே கடக்கிறது. வெளிக்காற்று பின்னிரவில் குளிர்ந்துவிடுவதால் உறக்கத்துக்கும் பெரிய குறைவு நேராது.

மாநிலத்தின் சுமை

ஒவ்வொரு வீட்டின் தேர்வும் சேர்ந்து மாநிலத்தின் சுமையாகிறது. 2024 மே தொடக்கத்தில் கேரளத்தின் ஒரு நாள் மின் நுகர்வு 11 கோடி யூனிட்டையும், உச்ச நேரத் தேவை 5,700 மெகாவாட்டையும் கடந்தன. பாலக்காடு வட்டத்தில் இரவு 7 மணி முதல் 1 மணி வரை மின் விநியோகத்தில் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. ஏ.சி.யை 26 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று மின்வாரியம் வேண்டிக்கொண்டது.

இந்தச் சுமையைத் தாங்குவதில் இடுக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கி நீர்மின் திட்டத்தின் திறன் 780 மெகாவாட். பருவமழையில் நிரம்பிய அணையின் நீரே மூலமட்டத்தில் மின்சாரமாகிறது. கோடையின் உச்சத்தில், நீர் குறைந்துவரும் வேளையில்தான் ஏ.சி.களின் தேவை ஏறுகிறது. எஞ்சியதை வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்க நேர்வதால், அந்தச் செலவு பின்னர் எல்லா நுகர்வோர் மீதும் பகிரப்படுகிறது. ஒற்றை மின்விசிறி மட்டும் உள்ள வீடும் பிறர் வீட்டு ஏ.சி.க்கு ஒரு பங்கு கொடுக்கிறது. மின்தடை வரும்போது முதலில் அவதிப்படுவதும் அந்த வீடே.

2019 மார்ச்சில் வெளியிடப்பட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், சாதனங்களின் மின்திறனை உயர்த்துவதுடன் கட்டடங்களின் குளிர்விப்புத் தேவையையே குறைக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இக்காரணம் பற்றியே.

கூரையிலிருந்து தொடங்குதல்

ஓட்டு வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு மாறியது இப்பகுதி மக்களின் வாழ்க்கை உயர்ந்ததன் அடையாளம். ஆனால் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் உறங்குவோர் மீது வீசுகிறது. ஓட்டின் இடுக்குகளில் வெளியேறிய சூடான காற்று இங்கு வெளியேற வழியில்லை. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளின் கீழே பகல் வெப்பம் இன்னும் கொடியது.

தளத்தின் மீது வெண்சுண்ணாம்போ வெப்பம் எதிரொளிக்கும் வெண்பூச்சோ பூசினால், உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையக்கூடும். தென்னங்கீற்றுப் பந்தல், மேற்குச் சுவரோரம் மரம், மாலையில் திறக்கும் எதிரெதிர்ச் சன்னல்கள் ஆகியவையும் பயன் தருவன. இவற்றுக்கு மாதக் கட்டணம் இல்லை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அரசு வீட்டு வசதித் திட்டங்களில் வெண்பூச்சுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குவது, பின்னர் மின் மானியத்துக்குச் செலவிடுவதை விடச் சிக்கனமாக அமையும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில் கூரைக்கும் சன்னலுக்கும் நிழல். அடுத்துப் பழைய மின்விசிறிகளுக்கு மாற்றாகப் பி.எல்.டி.சி. விசிறிகள், விலை சற்று அதிகமாயினும், நாள்தோறும் நெடுநேரம் சுழலும் விசிறிக்கு அந்த வேறுபாடு ஏறத்தாழ ஈராண்டில் ஈடாகிவிடும். நீர் வசதி உள்ள வீட்டில், வறண்ட மாதங்களின் பகலுக்கு ஏர்கூலர். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள் உள்ள வீட்டில், ஓர் அறைக்கு மட்டும், புழுக்கம் மிகுந்த வாரங்களுக்கு ஏ.சி.; அதுவும் 26 டிகிரியில், மின்விசிறியின் துணையுடன்.

ஊராட்சிகள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. எல்லா வீட்டுக்கும் ஏ.சி. எட்டாது. ஆயினும் அங்கன்வாடி, வாசகசாலை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் ஒரு கூடத்தை வெண்கூரையும் நல்ல காற்றோட்டமும் கொண்டதாக்கி, வெப்ப அலை நாட்களின் நண்பகலில் முதியோருக்கும் தொழிலாளர்க்கும் திறந்துவைக்க இயலும். கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. அந்த மூன்று மணி நேரத்தைத் தகரக் கூரையின் கீழ்க் கழிக்க நேரும் தொழிலாளிக்கு, ஓய்வு கிடைத்தும் இளைப்பாறுதல் கிடைப்பதில்லை. அந்நேரத்துக்கு அவர் நாடிச் செல்ல ஓர் இடம் அமைத்துத் தருவது, கோபாலபுரம் போன்ற எல்லைச் சிற்றூர்களில் ஊராட்சியின் கைக்கு எட்டிய பணியே ஆகும்.